கீரைக்குள் இருக்கும் களை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பருத்தி விவசாயிகள், இருபது ஆண்டுகளுக்கு முன் தலையெடுத்த ஒரு களையைக் கையால் பிடுங்க மீண்டும் கூலியாட்களை வயலில் இறக்க வேண்டியதாயிற்று. அதன் பெயர் பால்மர் அமராந்த். நம் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் தண்டுக்கீரை, முளைக்கீரை, அரைக்கீரை ஆகியவையும் அதே அமராந்தஸ் பேரினம்தான். ஒன்றை விதை வாங்கித் தூவி வளர்க்கிறோம், இன்னொன்றை அழிக்க நஞ்சு தெளிக்கிறோம். இரண்டின் உடலமைப்பையும் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால், எந்தக் குணங்கள் இச்செடியைக் கீரையாக்கினவோ அவையேதான் களையாகவும் ஆக்கின என்பது தெளிவாகும்.

இந்தப் பேரினம் பெயர் கொடுத்த குடும்பம் பெரியது. பீட்ரூட்டும் சக்கரவர்த்திக்கீரையும் முன்பு தனிக்குடும்பமாக இருந்தன. மரபணு வரிசைகளைக் கொண்டு பூக்கும் தாவரங்களை 1998இல் மறுவகைப்படுத்தியபோது அவையும் இதற்குள் வந்து சேர்ந்தன. இப்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். பொன்னாங்கண்ணி, பண்ணைக்கீரை, நாயுருவி, பாலக், கினோவா, மாலையில் தொடுக்கும் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும், பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளை, கடலோர உப்புச் சேற்றில் வளரும் உமரி எல்லாம் உறவுக்காரர்கள். பீட்ரூட்டின் சிவப்பும் செங்கீரையின் சிவப்பும் பீட்டாலைன் என்ற ஒரே வகை நிறமியால் வருபவை. உப்பு மண், வறண்ட கரிசல், கிளறிப்போட்ட குப்பைமேடு என்று மற்ற செடிகள் தயங்கும் இடங்களில் இக்குடும்பத்தார் பலர் துணிந்து குடியேறுகிறார்கள்.

அந்தத் துணிவுக்குக் காரணம் இலைக்குள் இருக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, வெயில் ஏற ஏறத் தடுமாறி ஆக்சிஜனையும் பிடித்துவிடும். நெல்லும் பயறு வகைகளும் இப்படி உச்சி வெயிலில் உழைப்பை வீணாக்குகின்றன. அமராந்தஸ் இனங்கள் கரியமில வாயுவை முதலில் நான்கு கரிமம் கொண்ட அமிலமாக மாற்றி, நரம்புகளைச் சுற்றியுள்ள உறைச் செல்களுக்குள் தள்ளி, அங்கே செறிவாக வெளிவிடுகின்றன. சுற்றிலும் கரியமில வாயு நிறைந்திருப்பதால் ரூபிஸ்கோ தவறுவது குறைகிறது. இலைத்துளைகளை அகலத் திறக்கத் தேவையில்லாததால் நீரும் மிச்சம். சோளமும் கரும்பும் இதே வழியில்தான் வளர்கின்றன. ஆனால் அவை புல்லினம். இருவித்திலைத் தாவரங்களில் இந்த உத்தி கைவந்த இனங்கள் மிக அதிகமாக இருப்பது இக்குடும்பத்தில்தான். கடும் கோடையிலும் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கீரை பறிப்புக்கு வருவது இதனால். கோடை வயலில் பால்மர் அமராந்த் நாளுக்கு ஐந்து சென்டிமீட்டர் வரை உயர்ந்து பருத்தியை நிழலில் அமுக்குவதும் இதனால். விதையும் அப்படித்தான். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள விதையை ஒரு செடி ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். விதைக்கு எடுப்பவருக்கு அது வரம். பால்மரின் ஒரு பெண்செடி பல லட்சம் விதை தருவது வயற்காரருக்குச் சாபம்.

மனிதன் பயிராக்கிய பிறகு இச்செடி மாறிவிட்டதே, காட்டினத்தோடு ஒப்பிடுவது சரியா என்று கேட்கலாம். தானியத்துக்காக வளர்க்கும் மூன்று அமராந்தஸ் இனங்கள் இதற்குப் பதில் சொல்கின்றன. மெக்சிகோ, குவாத்தமாலா, ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் அவற்றை அமராந்தஸ் ஹைப்ரிடஸ் என்ற காட்டினத்திலிருந்து தனித்தனியே உருவாக்கியதாக மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அஸ்டெக் பேரரசு இத்தானியத்தைத் திறையாகவே வாங்கியது. வட இந்தியாவில் விரத நாட்களில் உண்ணும் ராஜ்கிராவும் அங்கிருந்து வந்ததே. மூன்று இடத்திலும் கறுத்த விதை வெளுத்தது, கதிர் பருத்தது. ஆனால் விதை பெரிதாகப் பருக்கவில்லை. முற்றியதும் உதிரும் வழக்கமும் முழுதாகப் போகவில்லை. நெல்லும் கோதுமையும் என்றோ கைவிட்ட காட்டுக்குணத்தை இது ஆயிரக்கணக்கான ஆண்டுச் சாகுபடிக்குப் பிறகும் வைத்திருக்கிறது. பயிருக்கும் களைக்கும் இடையிலான தூரம் இங்கே மிகக் குறைவு.

காட்டுக்கீரையில் நஞ்சு இருக்கும் என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆக்ஸலேட்டும் நைட்ரேட்டும் இவ்வகைச் செடிகளில் சேரும். நைட்ரேட் மிகுந்த செடியை ஏராளமாக மேய்ந்த மாடுகள் இறந்ததும் உண்டு. ஆனால் இவ்விரண்டும் பாத்தியில் வளர்ந்த கீரையிலும் இருக்கின்றன. தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் வளர்த்த கீரையிலும் நைட்ரேட் ஏறும். வேகவைத்த நீரை வடித்துவிட்டால் இரண்டுமே குறையும். சாக்கடையோரத்துக் குப்பைக்கீரையைத் தவிர்க்கச் சொல்வது நியாயமே. இச்செடிகள் மண்ணிலுள்ள காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சக்கூடியவை. அதே மண்ணில் தண்டுக்கீரை விதைத்தாலும் ஆபத்து நீங்காது. குற்றம் மண்ணுடையது.

பால்மர் அமராந்தின் கேட்டைக் குறைத்துச் சொல்ல முடியாது. கான்சாஸில் நடந்த ஆய்வு ஒன்றில் அது மக்காச்சோள விளைச்சலை 91 விழுக்காடு வரை குறைத்தது. ஆனால் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலப் பழங்குடிகள் இதே செடியின் இலையையும் விதையையும் உண்டு வந்தவர்கள். இடையில் மாறியது வேளாண்மை. கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்கள் 1996 முதல் பரவின; ஆண்டுதோறும், பரந்த பரப்பில், அந்த ஒரே மருந்தைத் தெளித்தார்கள். அது தாக்கும் நொதிக்கான மரபணுவின் படிகளைப் பல மடங்கு பெருக்கிக்கொண்ட செடிகள் மட்டும் தப்பின. ஜார்ஜியாவில் ஆய்ந்த சிலவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இருந்தன. தாக்கப்பட்ட நொதியை மருந்து முடக்கித் தீராத அளவுக்கு அவை தயாரித்தன. தப்பியவற்றின் மகரந்தம் காற்றில் பறந்து அடுத்த வயலின் பெண்செடிகளுக்கும் அத்திறனைக் கொண்டு சேர்த்தது.

கொங்கு நாட்டு மானாவாரிச் சோளக்காட்டில் களை வெட்டுபவர்கள் தொய்யக்கீரையையும் பண்ணைக்கீரையையும் தனியே பறித்து வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். இவ்விரண்டும் இதே குடும்பம். விதைக்காமலே, நீர் பாய்ச்சாமலே கிடைக்கும் உணவு. கைக்களை எடுப்பில் எதை விடுவது, எதைப் பிடுங்குவது, எதைச் சமைப்பது என்று செடிக்குச் செடி முடிவெடுக்க முடியும். களைக்கொல்லியால் அது முடியாது. ஆள் கிடைக்காத காலத்தில் விவசாயி மருந்துக்குப் போவதில் தவறு காண முடியாது. ஆனால் அச்செலவைக் கணக்கிடும்போது மருந்தின் விலையோடு, அந்தக் காட்டிலிருந்து அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்த கீரையின் மதிப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.