காலநிலைத் தகவமைப்புத் திட்டங்களின் கண்காணிப்பும் மதிப்பீடும்: கன்னியாகுமரி மாவட்டம்

காலநிலைத் தகவமைப்புத் திட்டக் கண்காணிப்பும் மதிப்பீடும் என்பது, காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளைச் சமாளிக்க அரசு வகுத்த திட்டம் சொன்னபடி நடக்கிறதா, அதனால் மக்களுக்கு உள்ள இடர் உண்மையில் குறைந்ததா என்று அறியும் முறையாகும். வேலை நடக்கும்போதே பதிவு செய்து வருவது கண்காணிப்பு. சில ஆண்டுகள் கழித்துப் பலன் என்ன என்று கேட்பது மதிப்பீடு. பள்ளிக்கு எத்தனை கரும்பலகை வாங்கினார்கள் என்பது ஒரு கணக்கு. பிள்ளைகள் எத்தனை பேர் வாசிக்கக் கற்றார்கள் என்பது வேறு கணக்கு. தகவமைப்பில் முதல் கணக்கு எளிதில் கிடைத்துவிடும், இரண்டாவது கிடைப்பதில்லை.

பசுங்குடில் வாயுக்களைக் குறைக்கும் பணிக்கு டன் என்ற பொது அளவு உண்டு. தகவமைப்புக்கு அப்படி ஓர் அளவு இல்லை. நெல் வயலுக்கு ஓர் அளவு, கடற்கரைக்கு வேறோர் அளவு. மேலும், நடக்காமல் தடுக்கப்பட்ட பேரிடரை எண்ணிக் காட்ட முடியாது.

திட்டங்களின் பின்னணி

இந்தியாவின் தேசியக் காலநிலை மாற்றச் செயல்திட்டம் 2008 சூன் 30 அன்று எட்டு இயக்கங்களுடன் வெளியிடப்பட்டது. தகவமைப்புப் பணிகளுக்கெனத் தேசியத் தகவமைப்பு நிதி 2015-இல் உருவானது. நபார்டு வங்கி அதைச் செயல்படுத்துகிறது. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. மாவட்ட அளவில் ஆட்சியர் இயக்குநராகவும், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலராகவும் பொறுப்பேற்கும் ஏற்பாடு உள்ளது. ஆகவே தேசியத் திட்டம் பலித்ததா என்பதைத் தில்லியில் உள்ள அறிக்கையில் மட்டும் பார்த்தால் போதாது. மணக்குடியிலும் தூத்தூரிலும் பார்க்க வேண்டும்.

கடலில் உள்ளவருக்கு எச்சரிக்கை

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் வீசியது. தாழ்வு மண்டலமாக இருந்தது மிகக் குறைந்த நேரத்தில் புயலாக வலுப்பெற்றது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்கள் தங்கி மீன்பிடிப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்களில் பலர் ஏற்கெனவே நெடுந்தொலைவில் இருந்தனர். கைப்பேசி அலை அங்கு எட்டாது. மாண்டோரும் திரும்பாதோரும் பலர். காணாமல் போனோர் எண்ணிக்கையில் அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் பல நாட்கள் ஒத்துவரவில்லை. யார் எந்தப் படகில் கடலுக்குப் போனார்கள் என்ற முழுமையான பதிவு இல்லாததே இதற்குக் காரணம். இப்படித் தொடக்கநிலைத் தரவு இல்லாத இடத்தில் எந்த மதிப்பீடும் நிற்காது.

பின்னர், செயற்கைக்கோள் வழியாகக் கடலில் எச்சரிக்கை பெறும் கருவிகள் வந்தன. இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஜெமினி’ 2019-இல் அறிமுகமானது. இங்கே சுட்டியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வழங்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை ஒரு சுட்டிதான்; ஆனால் அது பலனைக் காட்டாது. கடலில் கருவி இயங்கிக்கொண்டிருந்ததா, செய்தி மீனவருக்குப் புரியும் மொழியில் வந்ததா, வந்தபின் எத்தனை படகுகள் கரைக்கோ அருகிலுள்ள துறைமுகத்துக்கோ திரும்பின, அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது என்பவைதான் கேட்க வேண்டியவை.

கரையிலும் இதே சிக்கல் உண்டு. தொலைவில் எழும் பேரலைகள் காற்றோ மழையோ இல்லாத நாளில் கரையைத் தாக்குவதைக் ‘கள்ளக்கடல்’ என்பர். 2024 மே மாதம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நேரத்தில், லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். எச்சரிக்கை ‘விடுக்கப்பட்டது’ என்ற பதிவுக்கும் ‘சென்று சேர்ந்தது’ என்ற நிலைக்கும் உள்ள தூரம் உயிரைக் குடிக்கும் தூரமாகிவிட்டது.

தூண்டில் வளைவும் அடுத்த ஊரும்

கடலரிப்பைத் தடுக்க மாவட்டத்தின் மேற்குக் கரையில் பல இடங்களில் தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டுள்ளன. கரையை ஒட்டி நகரும் மணல் இவற்றின் ஒரு பக்கம் தேங்கும். மறுபக்கம் மணல் வரத்து குறைந்து அரிப்பு கூடலாம். கட்டிய ஊரை மட்டும் அளந்தால் திட்டம் வெற்றி. பக்கத்து ஊரையும் சேர்த்து அளந்தால் விடை மாறக்கூடும். ஓரிடத்தின் பாதுகாப்பு இன்னோரிடத்தின் இடராவதைத் ‘தவறான தகவமைப்பு’ என்பர். ஆகவே மதிப்பீட்டின் எல்லை ஊராட்சி எல்லையாக இல்லாமல் மணல் நகரும் கரைப்பகுதி முழுவதுமாக இருப்பதே முறை.

பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் கழிமுகத்தில் அலையாத்தி வளர்ப்பதற்கும் இது பொருந்தும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைவிட, மூன்று ஆண்டுகளுக்குப்பின் உயிரோடு நிற்கும் மரங்களின் எண்ணிக்கை பயனுள்ளது.

குளமும் வயலும்

நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெற்பருவங்களும் மழையையும், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளையும், குளங்களையும் நம்பியவை. குளங்களைத் தூர்வாருவது தகவமைப்பில் முக்கியமான பணி. எத்தனை கன மீட்டர் மண் அள்ளினார்கள் என்பது ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்க உதவும் கணக்கு. கோடையில் குளத்தில் எத்தனை நாள் நீர் நின்றது, கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்ததா, பெருமழையில் மறுகால் தடையின்றிப் பாய்ந்ததா என்பது உழவருக்கு உதவும் கணக்கு. வயல்கள் வீட்டுமனையாகவும் தோப்பாகவும் மாறிவிட்டால் தூர்வாரிய குளத்துக்கு ஆயக்கட்டே இராது. அந்த மாற்றத்தையும் பதிவு செய்ய வேண்டும். 2022-இல் ராம்சார் தளங்களாக அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்களில் இத்துடன் பறவைக் கணக்கெடுப்பும் ஒரு சுட்டியாகப் பயன்படும்.

அளப்பவர் யார்

திட்டத்தை நடத்தும் துறையே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்வது நல்ல முறையன்று. ஐக்கிய இராச்சியத்தில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனித்து இயங்கும் காலநிலை மாற்றக் குழு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தகவமைப்பின் முன்னேற்றத்தை ஆராய்ந்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. உலக அளவில், 2023-இல் துபாயில் கூடிய காலநிலை மாநாடு நீர், உணவு, உடல்நலம் உள்ளிட்ட துறைகளுக்குத் தகவமைப்பு இலக்குகளை ஏற்றது. திட்டமிடல், செயலாக்கம் ஆகியவற்றோடு கண்காணிப்பும் மதிப்பீடும் அவற்றில் தனி இலக்காகவே இடம்பெற்றுள்ளன. மாவட்ட அளவில் இதற்கான தரவுகளில் பல ஏற்கெனவே சிதறிக் கிடக்கின்றன: அணைகளின் அன்றாட நீர்மட்டம் நீர்வளத் துறையினரிடம், படகுப் பதிவு மீன்வளத் துறையிடம், பயிர்ப் பரப்பு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில். இவற்றை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் சேர்த்து, கிராம சபையில் வாசித்து, கடைமடை உழவரும் கடலோடியும் திருத்தம் சொல்ல இடம் கொடுத்தால், பெரிய செலவில்லாமலே முதல் மதிப்பீட்டைத் தொடங்க முடியும்.