பேஸ் கிதாரைக் கம்ப்யூட்டரில் இணைக்கலாமா?

இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவரா நீங்கள்? வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே உங்கள் வாசிப்பைப் பதிவு செய்து கேட்கலாம். ஆனால் ஒயரைச் செருகும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அவுட்டைக் கம்ப்யூட்டரில் ஒருபோதும் இணைக்காதீர்கள். அதன் மின்சாரம் சவுண்ட் கார்டைப் பாழாக்கிவிடும். மதர்போர்டிலேயே சவுண்ட் வசதி இருந்தால் மதர்போர்டுக்கே ஆபத்து.

கிதாரை நேரே மைக் துளையில் செருகினாலும் ஒலி மங்கியோ கரகரத்தோ வரும். யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டியே சரியான வழி. அதில் கிதாரைச் செருகி, 'இன்ஸ்ட்' பட்டனை அழுத்துங்கள்.

சாஃப்ட்வேருக்கு இலவச ஆடாசிட்டி போதும். மோனோ, 44,100 ஹெர்ட்ஸ் என்று தேர்வு செய்து சிவப்புப் பட்டனைக் க்ளிக் செய்யுங்கள். 16 பிட் வேவ் ஃபைலாகச் சேமித்தால் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்.பி. ஆகும். ஒலி அளவுக் கோடு கடைசி முனையைத் தொட்டால் ஒலி உடையும். இன்டர்ஃபேஸின் கெயின் திருகைக் குறையுங்கள்.

வாசிப்பது தாமதமாகக் கேட்கிறதா? இன்டர்ஃபேஸிலேயே ஹெட்போனைச் செருகி, டைரக்ட் மானிட்டர் வசதியை ஆன் செய்யுங்கள்.

தடித்த கம்பியின் ஒலியையே காணோம் என்று பதற வேண்டாம். 4 கம்பி பேஸில் அந்த 'ஈ' கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. சிறிய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களால் அதைத் தர இயலாது. அவற்றை நம்பி பேஸைக் கூட்டினால், பெரிய ஸ்பீக்கரில் கேட்கும்போது மற்ற வாத்தியங்கள் அமுங்கிவிடும். நல்ல ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிறகு ட்ரம்ஸ் பதிவுடன் சேர்த்து ஓடவிடுங்கள். தாளத்தில் எங்கே தடுமாறுகிறீர்கள் என்பதைக் கம்ப்யூட்டர் தயங்காமல் சொல்லிவிடும்!