இரண்டு சர்வர்களும் ஒரு பேரேடும்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி அதன் கணக்கு. நெசவாளர் பெற்றுச் சென்ற நூலும், அவர் நெய்து கொடுத்த சேலையும், விவசாயி வாங்கிய பயிர்க்கடனும் முன்பு பேரேட்டில் இருந்தன. இன்று கணினிக்குள் சென்றுகொண்டிருக்கின்றன. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. ஆகவே, கணக்கைத் தாங்கும் யந்திரம் நின்றுபோனால் என்ன நேரும் என்பது பொறியாளரின் கவலை மட்டுமன்று. அங்கத்தினர்களாகிய நாமும் அறிந்திருக்க வேண்டிய விஷயமாகும்.

ஒரே சர்வரில் தரவுத்தளம் இயங்குமானால், அது பழுதுபடும் நாளில் கூலியும் கடனும் பட்டுவாடா ஆகமாட்டா. இதற்குப் பரிகாரமாக, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சர்வர்களைப் பொதுவான ஒரு சேமிப்பகத்துடன் இணைத்து, ஒரே தரவுத்தளத்தை அனைத்திலும் ஒருங்கே இயக்குகின்றனர். இவ்வமைப்பைக் 'கிளஸ்டர்' என்பர். ஆரக்கிள் நிறுவனம் 2001-இல் தன் 9ஐ பதிப்புடன் வெளியிட்ட 'ரியல் அப்ளிகேஷன் கிளஸ்டர்ஸ்' இவ்வகையைச் சேர்ந்தது. அதனையே உதாரணமாகக் கொள்வோம்.

இரண்டு கணக்கர்கள் ஒரே பேரேட்டில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திருத்தும் பக்கத்தை மற்றவர் அறியாமல் திருத்தினால் கணக்குக் குழம்பிவிடும். ஆதலால் சர்வர்கள் இடைவிடாது தம்முள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஒன்று மாற்றிய பகுதி மற்றொன்றுக்குத் தேவையானால், அது நேரே அனுப்பப்படுகின்றது. இதற்கென்றே தனி வலைப்பாதை ஒன்று வேண்டும். அங்கத்தினர் கணக்குப் பார்க்கவரும் பொதுப் பாதையை இதற்கு உபயோகித்தல் கூடாது.

நிறுவும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. சர்வர்களின் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும். மென்பொருளை இயக்கும் பயனருக்கும் குழுவுக்கும் உரிய எண்கள் எல்லாச் சர்வர்களிலும் ஒன்றாக இருத்தல் அவசியம். பொது வட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமையுடன் தென்பட வேண்டும். இவற்றைச் சரிபார்த்த பின்னரே கிளஸ்டர் மென்பொருளையும், பிறகு தரவுத்தள மென்பொருளையும் நிறுவி, இறுதியில் தரவுத்தளத்தை உருவாக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரும் தான் செய்யும் மாற்றங்களைத் தனக்குரிய பதிவேட்டில் எழுதும். அப்பதிவேடுகளும் பொதுச் சேமிப்பகத்திலேயே இருக்கும். ஒரு சர்வர் வீழ்ந்தால், மற்றது அதன் பதிவேட்டைப் படித்து, உறுதிசெய்யப்பட்ட வரவு செலவுகளை மீட்டு, அரைகுறையானவற்றை நீக்கிவிடும்.

இனி, முக்கியமான ஆபத்து ஒன்றைக் கூறுவோம். சர்வர்கள் இரண்டும் நலமாயிருக்க, இடையிலுள்ள தனிப் பாதை மட்டும் அறுந்தால் என்னாகும்? மற்றது மாண்டதென்று ஒவ்வொன்றும் கருதி, தன் போக்கில் எழுதத் தொடங்கினால் பேரேடே பாழாகும். இதனைத் தடுக்கவே சேமிப்பகத்தில் 'வாக்கு வட்டுகள்' வைக்கப்படுகின்றன. லினக்ஸ் சர்வர்களில் வழக்கமான அமைப்பின்படி 30 வினாடிகள் வரை ஒன்றின் நாடித்துடிப்பு மற்றதற்கு எட்டாவிடில், அவ்வட்டுகளின் குறிப்பைக் கொண்டு எது தொடர்வது என்று முடிவாகும், மற்றது விலக்கப்படும். பாதிக்கு மேற்பட்ட வாக்கு வட்டுகளை எட்டமுடியாத சர்வரும் விலகியே ஆகவேண்டும். மூன்று வட்டுகள் இருந்தால் ஒன்று பழுதானாலும் இரண்டு எஞ்சும். இரண்டே இருந்தால், ஒன்று பழுதானவுடன் பெரும்பான்மை போய்விடும். எனவேதான் ஒற்றைப்படையில் வைக்கின்றனர். 'கோரம்' இல்லாத கூட்டத்தின் தீர்மானம் செல்லாது என்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

எனினும், இவ்வளவும் செய்துவிட்டதால் கணக்குப் பத்திரமாகிவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை. சர்வர்கள் இரண்டாயினும் சேமிப்பகம் ஒன்றே. அது எரிந்துபோனால் இரண்டும் வெறுங்கையுடன் நிற்கும். வட்டுகளுக்குள்ளேயே இரண்டு அல்லது மூன்று படிகள் வைக்கலாம். அப்படிகளும் ஒரே அறையிலிருந்தால் தீக்கும் வெள்ளத்துக்கும் தப்பமாட்டா. மேலும், ஓர் ஊழியர் தவறுதலாக ஒரு கடன் பதிவை அழித்துவிட்டால், எந்தச் சர்வரில் பார்த்தாலும் அப்பதிவு இராது. எல்லாப் படிகளிலிருந்தும் அது நீங்கியிருக்கும். கிளஸ்டர் வேலை நிற்காமல் காக்கும். இழந்த கணக்கை மீட்டுத் தராது. அதற்கு நாள்தோறும் எடுத்து வேறிடத்தில் வைக்கப்படும் காப்புநகல் ஒன்றே வழி.

ஆகையால், இத்தகைய செலவு பொதுக்குழுவின் முன் வரும்போது அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைத் தவறாது கேட்கவேண்டும். ஒரு சர்வரை வேண்டுமென்றே நிறுத்திச் சோதித்தீர்களா? காப்புநகல் வேறு ஊரில் இருக்கின்றதா? அதிலிருந்து கணக்கை மீட்டெடுத்துக் கடைசியாகப் பார்த்தது எந்தத் தேதியில்? நிர்வாகஸ்தர்கள் இவற்றுக்குத் தேதியுடன் விடை கூறுவார்களாயின், செலவுக்குத் தயங்காமல் சம்மதம் அளிக்கலாம்.