மாநகராட்சி எல்லை வேறு, காவல் நிலைய எல்லை வேறு



"நம்ம ஏரியா கார்ப்பரேஷன்ல சேர்ந்தாச்சே, இனி டவுன் ஸ்டேஷன்தானே?" என்று டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அப்படித் தானாக மாறிவிடாது.

1866-இல் நகராட்சியான காஞ்சிபுரத்துடன் 2011-இல் செவிலிமேடு, ஓரிக்கை, நத்தப்பேட்டை உள்ளிட்ட பகுதிகள் இணைக்கப்பட்டன. 2021-இல் மாநகராட்சியாகி, இன்று 51 வார்டுகள் உள்ளன. சொத்து வரி, குடிநீர், குப்பை, தெருவிளக்கு ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. காவல் துறை அப்படியல்ல. அரசியல் சாசனத்தின் 7-ஆவது அட்டவணைப்படி அது மாநில அரசின் கையில் இருக்கிறது. மேயரோ கவுன்சிலரோ அதை நடத்துவதில்லை. அமெரிக்காவில் நகரங்களே போலீஸ் வைத்திருப்பதால் எல்லை விரிந்தால் போலீசும் மாறும். அங்கிருக்கும் உறவினர் சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது.

சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, காஞ்சி தாலுகா ஆகிய நிலையங்களின் எல்லையை வரையறுப்பது மாநில அரசின் ஆணை. ஆகவே வரி ரசீதில் மாநகராட்சி வார்டு எண் இருந்தாலும், உங்கள் நிலையம் தாலுகாவாக இருக்கலாம். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனித்தனி போலீஸ் கமிஷனர் வந்தது அரசு தனியாக எடுத்த முடிவு. நம் ஊர் இன்றும் மாவட்ட எஸ்.பி.யின் கீழ்தான் இருக்கிறது.

இது பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் உடனே தெரியும். முகவரியோடு காவல் நிலையத்தையும் குறிப்பிட வேண்டும். வார்டை வைத்து ஊகித்துத் தவறாகப் போட்டால் விசாரணைக் கோப்பு வேறு நிலையத்துக்குப் போய்விடும். ஹஜ், உம்ரா பயணத்துக்குத் தயாராகிறவர்களுக்கு அந்தத் தாமதம் பெரும் இடைஞ்சல். அண்மையில் பாஸ்போர்ட் எடுத்த பக்கத்து வீட்டாரைக் கேட்டாலே சரியான நிலையம் தெரிந்துவிடும்.

புகார் விஷயத்தில் இவ்வளவு யோசிக்க வேண்டாம். பிள்ளை காணாமல் போனாலோ, தறிக்கு வைத்திருந்த பட்டு நூல் திருடு போனாலோ, எல்லை தேடி அலையாமல் அருகிலுள்ள நிலையத்துக்கே போங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும், போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பது இதுதான். பதிந்தபின் உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. மின்னணு வழியாக அனுப்பினால் 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பாலியல் குற்றம் பற்றிப் பாதிக்கப்பட்ட பெண்ணே புகார் சொன்னால் அதைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். தயங்க வேண்டாம், வீட்டார் ஒருவரோடு போகலாம். அவசரமென்றால் முதலில் 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.

"இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் வேண்டாம். அதே புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகச் சட்டத்தில் இடமுண்டு. மனு எழுத உதவி தேவைப்படுவோர் அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம்.