வயதான நாய் புது வீட்டில் ஏன் சாப்பிட மறுக்கிறது?

பினாங்கின் புக்கிட் தெங்காவில் ஒரு தரை வீடு. காப்பகத்திலிருந்து நேற்று வந்த ஒன்பது வயது நாய் கதவோரம் படுத்திருக்கிறது. வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. லாரி போனால் உடம்பு நடுங்குகிறது.

ஏன்?

பயந்த உடலில் கார்டிசோல் என்ற சுரப்பு கூடுகிறது. பசி அடங்குகிறது, தூக்கம் கெடுகிறது. மனித மூக்கில் மோப்ப உணர்விகள் சில பத்து லட்சங்கள்தான். நாயின் மூக்கிலோ 10 கோடிக்கும் மேல். அதனால் நம் வீடு அதற்கு முன்பின் அறியாத வாசனைகளின் கூட்டம். முதுமையில் காதும் கண்ணும் மங்கும்போது, தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கவும் கூடும். அது குணக்கேடு அல்ல.

எப்படிப் பழக்குவது?

காப்பகத்தில் அது படுத்த துணியைத் துவைக்காமல் கேட்டு வாங்குங்கள். பழகிய வாசனை தெம்பூட்டும். முதல் சில நாள் அமைதியான ஒரே அறை போதும். வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள். மூட்டுவலி உள்ள கால்களுக்குப் பிடி கிடைக்கும். பழைய தீனியை ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். மிரண்ட நாய் ஓடிவிடும். கேட்டைத் திறக்குமுன் கயிற்றைப் பிடியுங்கள். பேர் சொல்லி அழைத்த பிறகே தொடுங்கள். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பினாங்கில் 2015இல் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. தடுப்பூசியையும் செபராங் பிறை மாநகர் மன்ற உரிமத்தையும் தள்ளிப்போடாதீர்கள்.

அவசரப்படுத்தாதீர்கள். ஒரு நாள் உங்கள் காலடியில் வந்து, பெருமூச்சு விட்டு, அசந்து தூங்கும். அன்றுதான் அது வீடு வந்து சேர்ந்தது.