மலைச்சரிவில் மோட்டார்க் கொட்டகை: மண்ணும் சாய்வும்

மலை நகரங்களில் சாலை ஒரு மட்டத்திலும் வீடு வேறொரு மட்டத்திலும் அமைந்திருப்பது வழக்கம். நைனித்தால், முசோரி, சிம்லா, டார்ஜிலிங் முதலிய ஊர்களில் வீடு கட்டிப் பல ஆண்டுகள் சென்றபின் உரிமையாளர் மோட்டார் வண்டி வாங்குகிறார். பிறகே அதை நிறுத்த இடம் தேடுகிறார். கிடைப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகும். ஒன்று, சாலைக்கு மேற்புறம் மலையை வெட்டி உண்டாக்கும் இடம். மற்றொன்று, கீழ்ப்புறச் சரிவில் மண்ணைக் கொட்டி நிரவும் இடம். வீடு கட்டுகையில் பொறியாளரை அழைத்தவர்களும் கொட்டகைக்கு அழைப்பதில்லை. ஒரு வண்டி நிற்கும் இடந்தானே என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

இவ்வெண்ணத்தின் பிழையை எளிய கணக்கு ஒன்று விளக்கும். சிறிய கார் ஒன்றின் எடை ஏறத்தாழ 1 டன். 3 மீட்டர் அகலமும் 5.5 மீட்டர் நீளமும் உள்ள தளத்திற்குச் சராசரி 1 மீட்டர் உயரம் மண் நிரப்பினால், அம்மண்ணின் அளவு 16.5 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.8 டன் வீதம் அதன் எடை 30 டன் அளவாகும். ஆகவே சரிவின்மீது புதிதாக ஏறும் பாரம் வண்டியினுடையது அன்று, மண்ணினுடையது. மேற்புறத்தில் வெட்டினால் பாரம் ஏறுவதில்லை. ஆயினும் மேலுள்ள மண்ணுக்கு அதுகாறும் முட்டுக்கொடுத்து நின்ற அடிப்பகுதி அகற்றப்பட்டு விடுகிறது. இரண்டும் சரிவின் சமநிலையைக் கலைப்பவையே.

சாய்வை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. 2 மீட்டர் நீளமுள்ள நேரான கம்பின் ஒரு முனையைச் சரிவின் மேற்புறத்தில் ஊன்றி, ரசமட்டத்தின் துணையால் கம்பைக் கிடையாகப் பிடித்து, மறு முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்தால் போதும். உயரம் 50 சென்டிமீட்டராயின் சாய்வு 14 பாகை. 1 மீட்டராயின் ஏறத்தாழ 27 பாகை. பள்ளி மாணவரின் கோணமானியில் நூலும் கல்லும் கட்டித் தொங்கவிட்டும் இதே அளவைக் காணலாம்; ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். உலர்ந்த உதிரி மணலைக் குவித்தால் அது 30 முதல் 35 பாகைச் சாய்வில் நின்றுவிடும். நிலத்தின் சாய்வு இதனை நெருங்குமாயின், அதனைப் பிடித்து நிற்பது களியின் ஒட்டும் தன்மையோ, வேர்களோ, அடியிலுள்ள பாறையோ என்று ஆராய வேண்டும். களியின் பிடிப்பு மழைநீரில் தளரக்கூடியது.

பாகைக் கணக்கு மட்டும் போதாது. அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்துள்ள மரங்கள், ஒரே திசையில் சாய்ந்த கம்பங்கள், பிறை வடிவான நிலவெடிப்புகள், கோடையிலும் பசுமை மாறாத ஈரத்திட்டுகள் ஆகியவை மண் மெல்ல நகர்வதையோ, உள்ளே நீர் ஊறுவதையோ தெரிவிக்கும். பாறை தெரியுமிடத்தில் அதன் அடுக்குகள் எத்திசையில் சாய்ந்துள்ளன என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அடுக்குகள் மலைக்குள் சாய்ந்திருப்பின் ஓரளவு நன்று. சரிவோடு ஒத்து வெளிநோக்கிச் சாய்ந்திருப்பின், அடிப்பகுதியை வெட்டுவது சாய்வான பலகைமேல் அடுக்கிய ஏடுகளின் கீழ் முனையிலுள்ள தடுப்பை எடுப்பதற்கு ஒப்பாகும். நிலத்தைப் பெரும்பாலோர் வெயிற்காலத்தில் பார்த்து முடிவு செய்கின்றனர். மழைக்காலத்தில் ஒருமுறையேனும் பார்த்தவரே உண்மையை அறிவர்.

அடுத்தது சோதனைக் குழி. கொட்டகையின் மேல்விளிம்பில் ஒன்றும் கீழ்விளிம்பில் ஒன்றுமாக இரு குழிகளை 1.5 மீட்டர் ஆழம் தோண்டிப் பார்த்தல் நன்று. பக்கம் இடியக்கூடுமாதலால் குழிக்குள் இறங்காமல் மேலிருந்தே மண்ணெடுப்பது பாதுகாப்பு. செங்கல் துண்டு, கரி, பிளாஸ்டிக் முதலியன வெளிப்பட்டால் அது பிறர் கொட்டிய மண். இயற்கை நிலம் அன்று. வேர்களோடு கூடிய கருநிற மண்பட்டை ஆழத்தில் தென்பட்டால் பழைய தரை அதுவே. கூரிய விளிம்புடைய கற்களும் களியும் அடுக்கின்றிக் கலந்து கிடப்பின், பண்டு நிகழ்ந்த சரிவின் குவியலாக இருக்கலாம். குழியை ஓரிரவு மூடிவைத்து மறுநாள் நீர் ஊறியுள்ளதா என்றும் காண வேண்டும்.

இத்தகைய குவியலின்மீது ஊர்களே அமைந்திருத்தல் உண்டு. உத்தரகண்டின் ஜோஷிமட் அதற்குச் சான்று. பழைய சரிவுப் பொருள்மீது அந்நகர் நிற்பதை 1976-இல் மிஸ்ரா குழு எடுத்துக்காட்டி, மண்ணின் தாங்குதிறனை ஆராய்ந்த பின்னரே கட்டடம் எழுப்பவேண்டும் என்றும், சரிவில் வெட்டுவதைக் கட்டுப்படுத்தவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2023 ஜனவரியில் அங்கு 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் வெடிப்புகள் கண்டன. நைனித்தாலில் 1880 செப்டம்பர் 18 அன்று, இடைவிடாத மழைக்குப்பின் ஷேர்-கா-டண்டா சரிவு இடிந்து வீழ்ந்து 151 பேர் மாண்டனர். அதன்பின் அந்நகரில் மேற்கொண்ட பணிகளுள் தலையாயது, மழைநீரை நிலத்துள் இறங்கவிடாமல் ஏரிக்கு இட்டுச்செல்லும் வடிகால்களை மலைமீது அமைத்ததாகும்.

கொட்டகையின் பின்சுவருக்கும் நீரே பெரும்பகை. 3 மீட்டர் உயரமுள்ள தாங்குசுவரின்மீது, நீர் வடிந்த சாதாரண மண் ஒவ்வொரு மீட்டர் நீளத்திற்கும் ஏறத்தாழ 2.7 டன் விசையுடன் அழுத்தும். அம்மண் முழுதும் நீர் தேங்கினால் விசை 5.5 டன்னுக்கு மேற்படும். சுவரின் கனம் மாறவில்லை. தாங்க வேண்டியதோ இரட்டிப்பாகிவிட்டது. ஆகையால் சுவருக்குப் பின்னே சரளைக்கல் நிரப்பி, சுவரில் நீர்வடியும் துளைகள் விடுதல் இன்றியமையாதது. மேற்பூச்சு பூசுகையில் கொத்தர் இத்துளைகளை அடைத்துவிடுவதும் நடப்பதே. மேற்பார்வையிடுவோர் இதில் கவனமாயிருக்க வேண்டும்.

தரையின் ஒரு பாதி வெட்டிய நிலத்திலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் அமைந்தால், இரண்டும் சந்திக்கும் கோட்டில் தளம் வெடிக்கும். இயலுமாயின் கொட்டகை முழுவதையும் ஒரே வகை நிலத்தில் வைப்பதே நேரிது. மண் கொட்டியே ஆகவேண்டுமெனில், புல்லையும் வேர்மண்ணையும் நீக்கி, சரிவைப் படிப்படியாக வெட்டி, 15 முதல் 20 சென்டிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக மண்ணிட்டு, ஈரமாக்கித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும்.

சமவெளியிலும் இவ்வாராய்ச்சி வேண்டாதது அன்று. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் கரிசல் நிலத்தில் சரிவு அச்சமில்லை. ஆனால் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குகிறது. கனமான கட்டடத்தைவிட இலேசான கொட்டகையே அங்கு மிகுதியாகத் தூக்கப்படும். இதற்கென ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்களை உருவாக்கியது. ஈரம் மாறாத ஆழத்தில், அதாவது சுமார் 3.5 மீட்டருக்குக் கீழே, அவை ஊன்றப்படுகின்றன.

கட்டிமுடிந்த கொட்டகையில் வெடிப்புத் தோன்றினால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சிமெண்டால் பதித்து, அருகில் தேதியை எழுதிவைக்கலாம். சில்லு முழுமையாய் இருக்குமளவும் வெடிப்பு விரியவில்லை எனக் கொள்ளலாம். உடைந்துவிட்டால், வண்டியை வெளியே எடுத்து நிறுத்திப் பொறியாளரை வரவழைக்க வேண்டும், மழைக்காலமாயின் அன்றே.