உழக்கிய காலம், முறுக்கும் காலம்

வன்னியில் வீதி என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் மிஞ்சியிராத நாளில் எல்லோரும் சைக்கிள் ஓடினார்கள். இன்று காப்பெற் வீதி வந்துவிட்டது. எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் கடந்த முப்பத்தைந்து ஆண்டுக் கதையைக் கேட்கிறவருக்கு இந்த முரணிலிருந்தே சொல்லத் தொடங்கலாம்.

1990 இல் போர் மீண்டும் வெடித்ததோடு ஏ-9 வீதி மூடுண்டது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், மின்கலம் எல்லாம் தடைப் பட்டியலில். கொஞ்சநஞ்சம் கிடைத்த மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டப் பழகினார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அந்தக் காலத்துப் பொது அறிவு. ஆனால் அந்த வசதியும் சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு இருந்தது சைக்கிள். ஆசிரியர் பள்ளிக்கூடம் போனதும், தாதி ஆஸ்பத்திரிக்குப் போனதும், மீன்காரர் பெட்டி கட்டிக்கொண்டு முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் வந்ததும், விறகு வெட்டியவர் அதைச் சந்தைக்குக் கொண்டுபோனதும் அதில்தான். விறகுக்காரர் ஏறி ஓடியதில்லை. சுமைக்கு மேலால் ஹான்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடப்பார்.

அந்தச் சைக்கிளின் உடல்வாகும் இந்த வேலைக்கென்றே அமைந்திருந்தது. றலி, ஹம்பர் என்ற ஆங்கிலேயச் சைக்கிள்கள் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தவை. பின்னாளில் இந்தியச் சைக்கிள்களும் உள்ளூர் லுமாலாவும் சேர்ந்தன. பெரும்பாலும் 28 அங்குலச் சில்லு, தடித்த உருக்குக் குழாய், நீண்ட சட்டம், நன்றாகச் சரிந்த முன்கவர். சில்லு பெரிதென்றால் சின்னக் கிடங்கில் விழாமல் அதற்கு மேலாக உருண்டுவிடும். முன்கவர் சரிந்திருந்தால் ஹான்டில் சட்டென்று திரும்பாது. கிரவல் றோட்டின் குலுக்கலில் பாதியை அந்தச் சரிவே விழுங்கிக்கொள்ளும். பாரம் கூடத்தான். ஓட்டம் பிடிக்க நேரமெடுக்கும். பிடித்துவிட்டால் இலேசில் நிற்காது.

பாகம் தேய்ந்தால் புதிது கிடைப்பது அரிது. வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வெட்டி வைத்தார்கள். ரியூபுக்கு ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஒட்டவே முடியாத இடத்தில் ரியூபை இழுத்து முடிச்சுப் போட்டுக் காற்றடித்தவர்களும் உண்டு. அந்த முடிச்சு வரும் இடத்தில் சில்லு ஒருமுறை துள்ளும். ஓடுகிறவருக்கு அந்தத் துள்ளலும் பழகிவிடும். மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் மரநிழலில் கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்த சைக்கிள் கடைக்காரர், நெளிந்த றிம்மைக் கம்பி கம்பியாக இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவார். அளவுகருவி கிடையாது. சில்லைச் சுழலவிட்டு, கவருக்கும் றிம்முக்கும் நடுவே தெரிகிற இடைவெளியைக் கண்ணால் பார்ப்பதுதான் அளவு.

இரவில் அதே சைக்கிள் மின்நிலையமாகும். தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுப்பார்கள். இதில் ஒரு பொருத்தம் இருந்தது. டைனமோ தருவது 6 வோல்ற். ஒன்றரை வோல்ற் மின்கலம் நான்கு போடுகிற றேடியோவுக்கும் வேண்டியது அதே 6 வோல்ற். டைனமோவின் ஆடலோட்டத்தை டயோட் வைத்து நேரோட்டமாக்கிவிட்டால் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் கேட்கும். செய்தியின் நடுவே சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் வாசிப்பவரின் குரலும் சோரும். உடனே அடுத்தவர் கை மாற்றுவார்.

இடப்பெயர்வு என்றாலும் சைக்கிள்தான். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து வன்னிக்கு வந்தார்கள். முடிந்தவர்கள் சைக்கிளையும் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 1996 இல் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனபோது அக்கராயன், மல்லாவி, துணுக்காய் என்று அதே சைக்கிள்கள் மறுபடி ஓடின. 2008, 2009 இல் கிழக்கு நோக்கிய கடைசி நடையில் கரியரில் அரிசி மூட்டை, பாரில் பிள்ளை, ஹான்டிலில் கொளுவிய பை. அந்த நடை முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது சைக்கிள்களும் அங்கேயே கிடந்தன. 2009 மே மாதத்துக்குப் பிறகு எடுத்த படங்களில், வெளிகளில் துருப்பிடித்துக் குவிந்திருக்கும் ஆயிரக்கணக்கான சில்லுகளைக் காணலாம். செட்டிகுளத்து முகாம்களுக்குள் கையில் எடுத்துப்போன பொருட்களில் சைக்கிள் இல்லை.

இவ்வளவையும் துன்பக் கணக்கில் மட்டும் எழுதி வைத்தால் அந்த நாட்களுக்கு நியாயம் செய்ததாகாது. சைக்கிள் ஓடியதில் சுகமும் இருந்தது. குளக்கட்டில் ஏறி ஓடும்போது ஒருபக்கம் தண்ணீர், ஒருபக்கம் வயல். இரணைமடுக் கட்டில் ஓடியவர்களுக்கு அது தெரியும். சோளகம் வீசும் மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து பரந்தனுக்குப் போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்; உழக்காமலே கொஞ்சத் தூரம் போகலாம். திரும்பி வரும்போதுதான் தொடை இரண்டும் கேள்வி கேட்கும். மாரியில் வயற்பக்கக் களிமண் மட்காட்டுக்குள் அப்பிச் சில்லை இறுக்கிவிடும். இறங்கித் தடியால் கிண்டவேண்டும். அதனாலேயே சிலர் மட்காட்டைக் கழற்றிவிட்டு, முதுகில் சேற்றுக் கோட்டோடு வீடு வந்து ஏச்சு வாங்கினார்கள்.

கிரவலில் வளைவு எடுப்பது தனிக் கலை. பிறேக்கை இறுக்கினால் சில்லு வழுக்கும். ஹான்டிலை வெட்டித் திருப்பினால் ஆள் மண்ணில். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, உட்பக்கத்துப் பெடலை மேலே நிறுத்தி, வண்டியும் உடம்பும் சேர்ந்து சரியவேண்டும். வேகம் கூடக்கூடச் சரிவும் கூடும். ஓகஸ்ட் விடுமுறைக்குச் சுவிஸிலிருந்து வருகிற பேரப்பிள்ளைகள் அங்கே பனிமலையில் ஒற்றைப் பலகையில் நின்று, அதன் உருக்கு ஓரத்தைப் பனியில் கடிக்கவிட்டு வளைந்து இறங்குவார்கள். அவர்களுக்குப் பலகை, சப்பாத்து, அதைப் பூட்டும் பிடி என்று தனித்தனிச் சாமான். நமக்கு ஒட்டுப் போட்ட ரயர். ஆனால் சரிவை நம்பி உடம்பை ஒப்படைக்கும் அந்த ஒரு கணத்தின் இன்பம் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். தாத்தாவின் சைக்கிளை எடுத்து ஒழுங்கை வளைவில் சரித்துப் பார்க்கிற பிள்ளைக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஊர் விளையாட்டுப் போட்டிகளில் மெதுவான சைக்கிளோட்டத்துக்கு எப்போதும் கூட்டம் சேரும். கடைசியாக வருகிறவருக்கே பரிசு. கால் நிலத்தில் படக்கூடாது. வேகத்தில் சில்லே வண்டியை நிமிர்த்தி வைத்துவிடும். ஊர்ந்து போகும்போது நிமிர்த்தவேண்டியது ஓடுகிறவர்தான். அடுப்பும் தண்ணீர்க் குடமும் சந்தையும் பள்ளிக்கூடமும் என்று நாள் முழுவதும் பாரத்தோடு ஓடிய பெண்கள் இந்தப் போட்டியில் இலகுவில் தோற்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியதை இன்றும் ஒரு சமூக மாற்றமாக எழுதுகிறார்கள். அதே ஆண்டுகளில், எந்த இயக்கமும் அறிவிக்காமலே, வன்னிப் பெண்கள் சேலையோடு சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு விழா எடுக்க அப்போது யாருக்கும் நேரமிருக்கவில்லை.

2002 இல் தடை நீங்கி ஏ-9 திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. போர் முடிந்த பின்னர்தான் உண்மையான திருப்பம் வந்தது. சீனக் கடனில் ஏ-9 காப்பெற் வீதியானது. 2013 செப்ரெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்தைத் தொட்டது. ரயிலுக்கு முன்னரே லீசிங் கம்பனிகள் வந்துவிட்டன. முன்பணம் கொஞ்சம் கட்டினால் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நிற்கும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் சுமார் 50 கிலோமீற்றர். அதை உழக்கியே கடந்தவர்களின் பிள்ளைகள் கைப்பிடியை முறுக்கி ஒரு மணித்தியாலத்தில் போய்விடுகிறார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நோயாளியைக் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போன ஊருக்கு வேகம் ஆடம்பரமல்ல.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சைக்கிள் ஏழ்மையின் அடையாளமாகிவிட்டது. சந்திக் கடைக்குப் போகவும் மோட்டார் சைக்கிள். மாப்பிள்ளை பார்க்கப் போகிற இடத்தில் சைக்கிளைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. எஞ்சி ஓடுகிறவர்கள் பள்ளிப்பிள்ளைகளும், கூலி வேலைக்குப் போகிறவர்களும், வயதானவர்களும். அவர்கள் ஓடுவதோ வெள்ளைக் கோட்டின் ஓரத்தில். கொழும்பு பஸ் விலத்தும்போது கிளம்பும் காற்றே ஆளைத் தள்ளும். இரவில் கட்டாக்காலி மாடு, பின்விளக்கு இல்லாத சைக்கிள், மிதமிஞ்சிய வேகம் மூன்றும் ஒரே வீதியில் சந்திக்கின்றன. கெட்ட வீதி ஓடுகிறவரைக் களைக்கவைத்தது. நல்ல வீதி அவரைக் கொல்லவும் வல்லது.

2022 இல் காலம் ஒருதரம் பின்னோக்கி உருண்டது. எரிபொருள் தட்டுப்பாடு, கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். கொழும்பு திகைத்து நின்றது. வன்னியில் கொட்டிலின் மூலையில் கிடந்த சைக்கிளை இறக்கித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டார்கள். ஆனால் புதுச் சைக்கிளின் விலையும் ரயரின் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறியிருந்தன. ரியூபுக்கு ஒட்டுப் போடத் தெரிந்த பெடியன்களைக் காண்பது அதைவிட அரிதாக இருந்தது. எரிபொருள் வந்ததும் சைக்கிள் மறுபடி மூலைக்குப் போனது.

இன்றைய கடைகளில் கியர் வைத்த, டிஸ்க் பிறேக் பூட்டிய சைக்கிள்கள் பளபளக்கின்றன. இலேசானவை, வேகமானவை. ஆனால் பலவற்றில் கரியர் இல்லை, மட்காட் இல்லை, லைற் இல்லை. உலகத்தின் பார்வை மறுபக்கம் திரும்பியிருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005 இல் இலங்கையில் சைக்கிள் வழங்கித் தன் பணியைத் தொடங்கிய வேர்ல்ட் பைசிக்கிள் றிலீஃப் என்ற நிறுவனம் பின்னர் ஆபிரிக்கக் கிராமங்களுக்கென்று ‘பஃபலோ’ என்ற சைக்கிளை வடிவமைத்தது. தடித்த உருக்குச் சட்டம், 100 கிலோ தாங்கும் கரியர், ஊரிலேயே திருத்தக்கூடிய பாகங்கள். எங்கள் தகப்பன்மார் ஓடிய ஹம்பரின் குணங்கள்தான் இவையும்.

பழைய காலம் திரும்பவேண்டும் என்று வன்னியில் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. கேட்கவேண்டியது சிறிது. பாடசாலைகளுக்குப் போகும் வீதிகளிலாவது வீதி அபிவிருத்தி அதிகார சபை சைக்கிளுக்கென்று ஓரத்தை அகலமாக்கிக் கோடு போடட்டும். பிரதேச சபைகள் அந்த ஓரங்களில் நிழல்மரம் நடட்டும். கிளிநொச்சி ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் சைக்கிள் விட நல்ல கூரையொன்று போடட்டும். பெற்றோர் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும்போது முன்லைற்றும் பின்விளக்கும் சேர்த்து வாங்கட்டும்; ஒரு ஞாயிற்றுக்கிழமை ரியூபைக் கழற்றி ஒட்டுப் போடவும் பழக்கட்டும். ஒரு வீதியை நல்ல வீதி என்று சொல்வதற்கு அளவுகோல் ஒன்றே: பத்து வயதுப் பிள்ளை அதில் தனியே சைக்கிள் ஓடிப் பள்ளிக்குப் போய்ப் பத்திரமாக வீடு திரும்பவேண்டும். அந்த அளவுகோலில் வன்னி வீதிகள் இன்னும் தேறவில்லை.